பேய்வீட்டுக் கதை பயமுறுத்தவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

எழுதி முடித்த கதையை அச்செடுத்து, உங்களைப் பாராட்டியே ஆகவேண்டிய கட்டாயம் இல்லாத ஒருவரிடம் பென்சிலோடு கொடுங்கள். ஓரத்தில் மூன்றே குறி போடச் சொன்னால் போதும். அடுத்து வரப்போவது தெரிந்துவிட்ட இடத்தில் 'தெ', சிரிப்பு வந்த இடத்தில் 'சி', கைபேசியை எடுத்த இடத்தில் 'கை'. பயமாக இருந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். மரியாதைக்கு "ஆமாம்" என்பார், அதை வைத்துக்கொண்டு ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது.

கீழே வரும் அளவுகள் 3000 சொல் சிறுகதைக்கானவை. எடுத்துக்காட்டு எல்லாவற்றுக்கும் ஒரே வீடுதான்: ஒத்திக்கு எடுத்த பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், வலப்பக்கம் கூடம், கூடத்தை ஒட்டி ஜன்னல் இல்லாத காமிரா உள், பின்னால் அடுக்களை, கொல்லையில் கிணறு. குடியிருப்பவர்கள் செல்வி, இரவு ஷிப்டுக்குப் போகும் கணவன், ஐந்து வயதுப் பாப்பா, மாமியார்.

அறிகுறி: முதல் பத்தியிலேயே 'தெ' விழுகிறது

அமாவாசை, நாய் ஊளை, ஊர்க்கோடி பங்களா, "அங்க போகாதீங்க சாமி" என்று தடுக்கும் கிழவர். கதை தானே தண்டோரா போட்டுவிட்டது. வாசகர் கவசத்தை மாட்டிக்கொண்டுதான் இரண்டாம் பத்திக்கு வருவார். அதற்குப் பிறகு நீங்கள் எதை எறிந்தாலும் கவசத்தில்தான் படும்.

முதல் 400 சொற்களில் இரவே வேண்டாம். வீடு பார்க்கப் போகும் காட்சியாக எழுதுங்கள். தண்ணீர் எப்படி, மீட்டர் யார் பேரில், ஒத்திப் பணம் எவ்வளவு என்று பேச்சு போகட்டும். அதன் நடுவே, குரலை மாற்றாமல், பொருந்தாத ஒரு பொருளை வையுங்கள். ஒன்றே ஒன்று.

"தண்ணி நல்ல தண்ணி. கொல்லைக் கதவு மழைக்கு இறுகும், தூக்கித் தள்ளணும்" என்றார் வீட்டுக்காரர். காமிரா உள்ளின் கதவில் இரண்டு தாழ்ப்பாள். ஒன்று வழக்கமான உயரத்தில். இன்னொன்று தரையிலிருந்து இரண்டடியில், வெளிப்பக்கம். இரண்டுக்கும் அதே பச்சைப் பெயிண்ட். ஒத்திப் பணத்தை இரண்டு தவணையாகத் தரலாமா என்று செல்வி கேட்டாள்.

யாரும் தாழ்ப்பாளைப் பற்றிப் பேசவில்லை. கதவுக்குப் பெயிண்ட் அடித்தபோது அதற்கும் சேர்த்தே அடித்திருக்கிறார்கள். அப்படியானால் யாரோ அதை வீட்டின் ஒரு பாகமாக ஏற்றுக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். இந்தக் கணக்கை வாசகரே போட்டுக்கொள்ளட்டும். "விசித்திரமான தாழ்ப்பாள்" என்று எழுதினால் கணக்கை நீங்களே போட்டுக் கொடுத்துவிடுகிறீர்கள்.

இப்படி வைத்த பொருள் மூன்று முறை வரவேண்டும். முதலில் கண்ணில் படும். ஏறத்தாழ 900-ஆவது சொல்லில் புழக்கத்துக்கு வரும்: பாப்பா பொம்மையை உள்ளே வைத்து, கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டு விளையாடுகிறாள், அவள் உயரத்துக்கு அது வசதி. 2000-ஐ ஒட்டி வழக்கம் உடையும்: பாப்பா அம்மாச்சி வீட்டுக்குப் போன மறுநாள் காலை, கீழ்த் தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. நடுப்படியை விட்டால் மூன்றாவது வெறும் தற்செயலாகப் போகும். கடைசிக் காட்சிக்கு முன்பே நான்காவது முறை கொண்டுவந்தால் ஓரத்தில் 'சி' விழும்.

அறிகுறி: "எந்த ரூம்? மாடியா கீழயா?" என்று கேட்கிறார்

மற்றக் கோளாறுகளில் பாதி இங்கிருந்து கிளம்புபவைதான். ஆகவே வேறு எதைத் திருத்துவதற்கு முன்பும் இதைச் சரிசெய்யுங்கள். வழக்கம் தெரியாத வீட்டில் எது நடந்தாலும் வாசகருக்கு அது செய்தி மட்டுமே. மனப்பாடமான வீட்டில் ஒரு முக்காலி இடம் மாறினால் போதும்.

கட்டம் போட்ட தாளில் வீட்டை வரையுங்கள். பிறகு இவற்றைக் குறியுங்கள்: ஒவ்வொரு கதவும் உள்ளே திறக்குமா வெளியேயா, தாழ்ப்பாள் எந்தப் பக்கம், ஸ்விட்ச் எங்கே, படுத்திருப்பவர் தலையைத் திருப்பாமல் எதைப் பார்க்க முடியும், இரவில் கழிவறைக்குப் போக எத்தனை அடி, வழியில் எத்தனை இருட்டு. கடைசி இரண்டும் முக்கியம். பயம் பெரும்பாலும் அந்த வழியில்தான் நடக்கும்.

பிறகு வீடு தானாகப் போடும் சத்தங்களைப் பட்டியலிடுங்கள். ஐப்பசி மழையில் ஊதிய மரக்கதவு, வெயில் தாழ்ந்ததும் படபடக்கும் தகரக் கூரை, மச்சில் ஓடும் மரநாய், மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் ஒரு இடி, கிணற்று ராட்டினம். அடுக்குமாடி வீடென்றால் மேல்வீட்டு நாற்காலி, லிஃப்ட், இன்வெர்ட்டர் மாறும் 'டக்'. இவற்றில் மூன்றையாவது முதல் பாதியில் சாதாரணமாகக் காதில் விழவிடுங்கள். பின்னால் உடைப்பதற்குக் கையிருப்பு வேண்டும்.

இறக்குமதி வீடுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மதுரைப் பக்கத்து வீட்டில் குளிர்காயும் கணப்படுப்பும் மரப்படி இறங்கும் பாதாள அறையும் வந்தால், வாசகர் கண்முன் வருவது யாரோ எடுத்த சினிமாவின் செட். அந்த வேலையைப் பரணும் காமிரா உள்ளும் கிணறும் இன்னும் நன்றாகச் செய்யும். யாழ்ப்பாணத்து நாற்சார் வீடாக இருந்தால் நடுமுற்றமே போதும். எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போனாலும் திறந்த வானத்தின் ஓரமாகத்தான் போகவேண்டியிருக்கும்.

அறிகுறி: சத்தம் வருகிறது, பயம் வரவில்லை

கொலுசு, கதவுத் தட்டல், அழுகுரல் என்று ஒவ்வொரு இரவும் புதுச் சத்தம் வைத்திருப்பீர்கள். புதுச் சத்தம் ஒவ்வொன்றும் பயத்தைப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வைக்கிறது. சத்தம் ஒன்றே இருக்கட்டும், இடம் மட்டும் மாறட்டும்.

இது 1900 ஆண்டுப் பழைய உத்தி. ரோமானியரான இளைய பிளினி தன் நண்பர் சூராவுக்கு எழுதிய கடிதமொன்றில் ஏதென்ஸ் நகரத்துப் பேய்வீடு ஒன்று வருகிறது. தத்துவ அறிஞர் அதினோடோரஸ் அங்கே தனியாக விளக்கை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருக்கிறார். முதலில் வெறும் நிசப்தம். பிறகு இரும்பு உரசும் சத்தம், சங்கிலிச் சத்தம். அது பெருகி, நெருங்கி, வாசற்படியில் கேட்கிறது. அடுத்து வாசற்படிக்கு உள்ளே. அவர் எழுத்தாணியைக் கீழே வைக்கவில்லை. உருவம் விரலால் கூப்பிடுகிறது. கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டிவிட்டு மறுபடி எழுதுகிறார். அது அவர் தலைக்கு மேல் சங்கிலியை ஆட்டுகிறது. கவனித்துப் பாருங்கள்: சங்கிலியில் புதுமை ஏதும் இல்லை, வேலை செய்வதெல்லாம் தூரம்தான். எழுதுகிறவர் நிமிராமல் இருப்பதால், நிமிரவேண்டிய பாரம் நம் தலையில் விழுகிறது.

உங்கள் வரைபடத்தில் கொல்லையிலிருந்து கட்டில்வரை ஆறு புள்ளி வையுங்கள். ராட்டினச் சத்தம் என்றால் முதல் இரவு கிணற்றடியில். அது அங்கே கேட்பது நியாயம். அடுத்தது கொல்லைக் கதவருகே, அங்கே ராட்டினம் கிடையாது. மூன்றாவது முறை பின்வாங்கிக் கிணற்றுக்கே போகட்டும், வாசகர் மூச்சுவிடுவார். நான்காவது, இரண்டு புள்ளியைத் தாண்டிக் கூடத்தில். சீராக ஒவ்வொரு படியாக வந்தால் வாசகர் எண்ண ஆரம்பித்துவிடுவார். நான்கு முறைக்குமேல் 3000 சொல் தாங்காது.

அறிகுறி: "அப்பவே காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே?"

முதல் சத்தம் கேட்பதற்கு *முன்பே* அவர்களை வீட்டோடு கட்டிப்போட வேண்டும். பின்னால் காரணம் சொன்னால் சாக்குபோல இருக்கும். "செல்விக்குத் துணிச்சல் அதிகம்" என்பது காரணம் ஆகாது. பணம் ஆகும். ஒத்தி இதற்கென்றே செய்து வைத்த ஏற்பாடு: மொத்தப் பணமும் வீட்டுக்காரர் கையில், நடுவில் கிளம்பினால் அடுத்த ஒத்திக்காரர் வந்து பணம் தந்தால்தான் இவர்களுக்குத் திரும்பும். அப்படியானால் செல்வி இந்த வீட்டைப் பற்றி வெளியில் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் அடுத்த ஆள் வரமாட்டான். வருகிறவர்களிடம் "நல்ல வீடுங்க" என்று அவளே சொல்லவேண்டி வரும். அவளுக்கு அதே வார்த்தையைச் சொன்ன முந்தின குடித்தனக்காரியை வாசகர் அப்போது நினைத்துக்கொள்வார். ஒரே கயிறு இரண்டு வேலை செய்கிறது.

அதினோடோரஸையும் ஏதென்ஸ் வீட்டுக்கு இழுத்தது சந்தேகப்படும்படி மலிவாக இருந்த விலைதான்.

அறிகுறி: சம்பவம் சரியாக இருக்கிறது, வரிகள் சவசவ என்று இருக்கின்றன

இதோ நாள்தோறும் எழுதப்படும் பத்தி:

திடீரென்று ஏதோ ஒரு விசித்திரமான சத்தம் கேட்டது. செல்விக்கு இனம்புரியாத பயம் ஏற்பட்டது. இதயம் படபடவென்று அடித்துக்கொண்டது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். அங்கே…!!!

'திடீரென்று' வந்த நொடியே திடீர்த்தன்மை போய்விட்டது, முன்கூட்டி மணி அடித்தாயிற்று. 'ஏதோ ஒரு' என்றால் எழுதியவருக்கும் தெரியாது. இனம்புரியாத பயம், படபடப்பு, உறைந்த ரத்தம் எல்லாம் செல்வியின் உடம்பில் நடப்பவை. செல்வி பயந்து முடித்துவிட்டால் வாசகருக்கு வேலை மிச்சமில்லை. அதே இடத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

பால் பொங்க இன்னும் கொஞ்சம் இருந்தது. கூடத்தில் ஃபேன் ரெகுலேட்டரை யாரோ திருப்பினார்கள். டக். ஃபேன் சத்தம் கொஞ்சம் கூடியது. டக். "பாப்பா, குளிருது பாரு, குறை" என்றாள் செல்வி. அடுப்பைச் சிம்மில் வைத்தாள். பாப்பாவுக்கு ரெகுலேட்டர் எட்டாது.

சத்தத்துக்குப் பொருள் இருக்கிறது, இடம் இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது. செல்வி முதலில் சாதாரணக் காரணத்தை எடுத்துக்கொண்டு பேசியும் விடுகிறாள். யாரிடம் பேசினாள் என்பது கடைசி வரிக்குப் பிறகுதான் உறைக்கிறது. அந்த வரி வெறும் தகவல், மூன்றே சொல். பயம் என்ற சொல் எங்கும் இல்லை.

திருத்தும் முறை: கதைக் கோப்பில் *திடீரென*, *ஏதோ*, *இனம்புரியாத*, *அமானுஷ்ய*, *மர்மமான*, *உணர்ந்தாள்*, *தோன்றியது* ஆகியவற்றைத் தேடுங்கள். முதல் ஐந்தையும் நீக்குங்கள். 'உணர்ந்தாள், தோன்றியது' வரும் வாக்கியங்களில் அவள் கண்டதையோ கேட்டதையோ நேராக எழுதுங்கள். "யாரோ நிற்பதுபோல் தோன்றியது" என்பதைவிட "தாழ்வாரத்துத் தூண் நான்கு. நிழல் ஐந்து" என்பது கனம். ஆச்சரியக்குறி கதை முழுவதிலும் ஒன்றுகூட வேண்டாம், வசனத்தில் தவிர.

அறிகுறி: பேய் வந்ததும் 'சி'

இரண்டு கோளாறு ஒன்றாகச் சேர்ந்திருக்கும்.

ஒன்று இலக்கணம். தமிழில் வினைமுற்றே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். "ஒரு உருவம் வந்தது, நின்றது" என்று அஃறிணையில் எழுதிய கணமே பேய் என்று அடையாள அட்டை மாட்டியாயிற்று. ஆகவே உயர்திணையில், மரியாதை விகுதியோடு, வீட்டு மனிதராகவே நடமாட விடுங்கள்:

செல்வி ஃப்ரிட்ஜைத் திறந்தாள். வெளிச்சம் கூடத்தில் பாதிவரை போனது. மாமியார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பாட்டிலை எடுத்து ஃப்ரிட்ஜை மூடினாள். "எனக்கும் ஒரு டம்ளர் குடும்மா" என்றார் மாமியார், அடுக்களை ஜன்னலோரமாக நின்றபடி.

உத்தி பழசுதான். ஆனால் இரண்டு மாமியாருக்கும் ஒரே 'ஆர்' விகுதி என்பதால் எது எது என்று மொழி சொல்ல மறுக்கிறது. இதற்குப் பிறகு ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள். செல்வி அலறினாளா என்பது அடுத்த காட்சியில் தெரிந்தால் போதும், தெரியாவிட்டாலும் குறையில்லை.

பேச்சுத் தமிழின் 'அவங்க' இன்னும் பெரிய புதையல். மரியாதைக்குரிய ஒருவரா, பலரா என்று அந்தச் சொல் சொல்லாது. முதல் வாரம் பாப்பா, "அவங்க இன்னும் சாப்பிடலம்மா" என்கிறாள். செல்வி மாமியாருக்குத் தட்டு வைக்கிறாள். பிறகொரு நாள் மாமியார் திருச்சிக்குப் போயிருக்கும்போது, "அவங்க தூங்குறாங்க, சத்தம் போடாத" என்கிறாள். அப்போதும் அது யாரோ ஒருவர்தான். கடைசியில் பாப்பா காமிரா உள்ளில் படுக்கை விரித்துக்கொண்டு சொல்கிறாள்: "தலகாணி பத்தாதும்மா, நாலுதான் இருக்கு." பாப்பாவுக்கு எதுவும் பயமில்லை, அவளுக்குத் தலையணைக் கவலைதான். குழந்தை பயந்தால் காட்சி கெட்டுவிடும்.

இரண்டாவது கோளாறு அளவு. உருவத்தை அடிமுதல் முடிவரை வர்ணித்திருப்பீர்கள்: வெள்ளைப் புடவை, அவிழ்ந்த கூந்தல், ரத்தக் கண்கள். ஆங்கிலத் திகில் நாவலாசிரியர் ஆன் ராட்கிளிஃப் எழுதி, அவர் மறைந்தபின் 1826-இல் வெளியான ஒரு கட்டுரை திகிலையும் கோரத்தையும் பிரித்துக் காட்டுகிறது. திகில் மனத்தை விரித்துப் புலன்களை விழிக்க வைக்கும், கோரம் சுருக்கி உறைய வைக்கும். ரத்தக் கண்கள் இரண்டாவது வகை. 3000 சொல்லில் உருவத்துக்கு மொத்தம் 60 சொல் ஒதுக்குங்கள். முகம் வேண்டாம். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்லுங்கள், பிறகு இடம், பிறகு ஒரே ஒரு பிசகு.

அறிகுறி: வாசகர் காரணம் கண்டுபிடித்துவிடுகிறார்

"எலியா இருக்கும்" என்கிறாரா? நல்லது. அந்தக் காரணத்தை அவருக்கு முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள், அதுவும் அரைகுறையாக இல்லாமல், உண்மையிலேயே நம்பும்படி. 1921-இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் வில்லியம் வில்மர் என்ற மருத்துவர் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை வெளியிட்டார். குடிபோன பழைய வீட்டில் காலடி ஓசை, தலைவலி, யாரோ பார்ப்பதுபோன்ற நினைப்பு, செடிகள்கூட வாடின. கடைசியில் பார்த்தால் வீட்டைச் சூடாக்கும் உலை பழுது, அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு அறைகளுக்குள் வந்துகொண்டிருந்தது. அத்தனையும் ஒரே காரணத்தில் அடங்கிவிட்டது.

உங்கள் கதையில் அப்படியொரு காரணம் பத்தில் ஒன்பதை அடக்கட்டும். கணவன் மச்சில் மரநாயைப் பிடிக்கிறான், எல்லாரும் சிரிக்கிறார்கள், இரண்டு இரவு நிம்மதி. பத்தாவது, மரநாயால் முடியாத காரியமாக இருக்கவேண்டும். ரெகுலேட்டர் போல. நிம்மதிக் காட்சிக்கு 200 சொல்லாவது கொடுங்கள், அவசரப்பட்டால் அது பொறி என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: பின்கதை வந்ததும் 'கை'

எதிர்வீட்டுப் பெரியவர் உட்கார்ந்து, "முப்பது வருஷத்துக்கு முன்னாடி இந்த வீட்ல…" என்று 800 சொல் பேசுகிறார். பேய்க்குப் பெயர், ஊர், சாவுத் தேதி எல்லாம் கிடைத்ததும் அது பரிதாபத்துக்குரிய அண்டை வீட்டாராகிவிடுகிறது. பிளினியின் கதையிலேயே, உருவம் மறைந்த முற்றத்தைத் தோண்டிச் சங்கிலியோடு எலும்புகளை எடுத்து முறைப்படி அடக்கம் செய்தபிறகு வீடு அமைதியாகிவிடுகிறது. கடிதத்துக்கு அது சரியான முடிவு. திகில் கதைக்கு அது விளக்கைப் போட்டுவிடுவது.

பெரியவரின் பேச்சை மூன்று துண்டாக வெட்டி மூன்று வாயில் வையுங்கள். பால்காரர் ஒரு எண்ணிக்கை சொல்லட்டும் ("அப்பல்லாம் இந்த வீட்டுக்கு நாலு லிட்டரும்மா"). ரேஷன் கடையில் பழைய அட்டையின் பெயர்ப் பட்டியல். மாமியார் கேள்விப்பட்டது. மூன்றும் ஒன்றோடொன்று முழுதாகப் பொருந்தக் கூடாது. கீழ்த் தாழ்ப்பாள் யாருக்காக என்பதை யாருமே சொல்லக் கூடாது.

சில்லறைக் கோளாறுகள்

கைபேசியில் டவர் கிடைக்கவில்லை என்று எழுதாதீர்கள், யாரும் நம்புவதில்லை. டவர் இருக்கட்டும், கணவன் எடுக்கட்டும், "நான் வீட்லதானே இருக்கேன்" என்று அவன் சொல்லாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அது தேய்ந்துவிட்டது. மந்திரவாதி வந்தால் பயம் அவர் பொறுப்புக்குப் போய்விடும், வேண்டாம். கூட்டுக் குடும்பம் என்றால் பயம் வராது என்பது தவறு: பத்துப் பேர் வரிசையாகப் படுத்திருக்கும் கூடத்தில் இரவில் தலை எண்ணிப் பாருங்கள்.

அறிகுறி: கடைசிப் பக்கத்தில் சப்பென்று போகிறது

பெரும்பாலும் முடிவு ஒரு பத்திக்கு முன்பே நடந்துவிட்டிருக்கும். கடைசிப் பத்தியை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். குறை தெரியாவிட்டால் வெட்டிவிடுங்கள். "எல்லாம் கனவு", "செல்வியே பேய்" இரண்டும் தாங்கி நிற்க, முதல் பக்கத்திலிருந்தே அடித்தளம் வேண்டும். கடைசி நிமிடத்தில் ஒட்டவைக்க முடியாது.

புது நிகழ்ச்சி தேடவேண்டாம். முன்பு வந்த ஒரு வரியை எடுத்து ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் பாருங்கள். கதையின் நடுவில், மூடிய காமிரா உள்ளிலிருந்து பாப்பாவின் குரல், "நாங்க இங்கதாம்மா இருக்கோம்" என்கிறது. அம்மா அதில் சேரவில்லை, அவள் கதவுக்கு வெளியே. கடைசிக் காட்சியில் செல்வி உள்ளே போய் விளக்கைப் போடுகிறாள். அறை காலி. பின்னால் கதவு சாத்துகிறது, தாழ்வான இடத்தில் தாழ்ப்பாள் விழும் சத்தம். காதருகே அதே குரல்:

"நாம இங்கதாம்மா இருக்கோம்."